கம்பி போல இருப்பதெல்லாம்

மெர்சி: இடியாப்பமுமா?

கோமளா: ஆமாங்க டாக்டர். தட்டுல வெச்சதுதான் தாமசம்... அலறிக்கிட்டுக் கட்டலுக்கு அடியில பூந்துக்கிட்டான்.

சென்னகேசவன்: சேமியா, நூடுல்ஸ், முறுக்கு... முறுக்குக்குக் கூடப் பயந்துக்கறானுங்க. அஞ்சு வயசுப் பையன் நூடுல்ஸ் வேண்டாங்கறத எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எங்க பாப்பாவுக்கெல்லாம் மூணு நேரமும் அதையே போட்டாலும்...

கோமளா: இப்ப அது எதுக்குங்க?

சென்னகேசவன்: சும்மா சொன்னேன்.

மெர்சி: பொண்ணப் பத்தி அப்பறம் பேசலாங்க. அம்மா, என்னை டாக்டர்னு கூப்பிட வேண்டாம். நான் ஊசி போடறவ இல்ல, புள்ளைங்க மனசுக்குப் பாக்கறவ. மெர்சின்னே சொல்லுங்க. மேல வார்டு டாக்டர்தான் உங்களை எங்கிட்ட அனுப்பினாரு... ரவிதேஜாவுக்கு ட்ரிப்ஸ் ஏத்த முடியலைன்னு.

கோமளா: எங்கீங்க ஏத்தறது? நர்சம்மாங்க எல்லாருஞ் சேந்து புடிச்சாங்க. அந்தக் குழாயக் கண்டதும்... புடுங்கி எறிஞ்சுபோட்டான். கையெல்லாம் ரத்தம்.

மெர்சி: வயித்தால போயிட்டே இருக்கு, வாயிலயும் ஒண்ணும் எறங்கல. ஒடம்புல தண்ணியே இல்லைங்கறாரு டாக்டர். நாளைக்கு வெடியறதுக்குள்ள ஏத்தலைன்னா கிட்னிக்குப் போயிரும்.

சென்னகேசவன்: மயக்க ஊசி போட்டு ஏத்திர்லாமுங்களே.

மெர்சி: ஏத்தலாங்க. முழிச்சதும் திரும்பப் புடுங்குவானே? புள்ள இருக்கற நெலமைக்குத் திரும்பத் திரும்ப மயக்க ஊசி போடறதும் நல்லதில்ல. அவன் எதுக்குப் பயப்படறான்னு எனக்குத் தெரியோணும். தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஏதாச்சும் பண்ணலாம்.

கோமளா: கம்பின்னா பயங்க. கம்பியாட்டம் இருக்கறது எதுன்னாலும் பயம். செல்போன் சார்ஜர், துணி காயப்போடற கொடி, டிவி ஒயரு, ஷூ லேசு... ஸ்கூலுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. என்ற தாலிக்கொடியக் கண்டாக்கூடக் கிட்ட வரமாட்டேனுட்டான். கழட்டி பீரோவுல வெச்சதுக்கப்பறந்தான் மடியில வந்து உக்காந்தான்.

மெர்சி: ஓ... எப்ப இருந்து இப்பிடி?

சென்னகேசவன்: கூலர்ல ஷாக்கடிச்சதுல இருந்துங்க. வேறொண்ணுமில்ல. சின்ன ஷாக்கு.

மெர்சி: எந்தக் கையிலங்க?

கோமளா: வலது...

சென்னகேசவன்: எடது கையிங்க.

மெர்சி: வலதா, எடதா?

சென்னகேசவன்: இவளுக்கு எப்பவுமே வலது எடது தெரியாதுங்க. வண்டில பின்னால உக்காந்துக்கிட்டு வழி சொன்னான்னா, போக வேண்டிய ஊருக்கு எதுத்தாப்புல போயிச் சேருவோம்.

கோமளா: ஆமாங்க... எடதுதான். எடது கை.

மெர்சி: சரிங்க. காலைல அவங்கூட ஒரு மணிநேரம் வெளையாண்டேன். நல்ல புள்ள. முதல்ல பேசவே இல்ல, அப்பறம் லேசாச் சிரிச்சான். தூங்கற வெளையாட்டு வெளையாடலாமா கண்ணுன்னு சொல்லிப் பாயில படுத்தேன். கண்ண மூடியிருக்க மாட்டேன்... எம்மேல விழுந்து தோளப் புடிச்சு உலுக்கறான். எந்திரி, எந்திரின்னு கத்தறான்.

கோமளா: ஊட்டுலயும் அப்பிடித்தாங்க. யாரையும் படுக்க விடமாட்டான். அவங்கப்பாவே இப்பெல்லாம் சேர்ல உக்காந்துட்டேதான்...

சென்னகேசவன்: கோமளா.

மெர்சி: கூலர்ல ஷாக்கடிச்ச புள்ள கூலரப் பாத்து ஓடும், ஒயரப் பாத்து ஓடும். படுத்திருக்கறவங்களப் பாத்து ஏனுங்க பயப்படோணும்?

சென்னகேசவன்: அது... வந்துங்க...

மெர்சி: சொல்லுங்க சார். நான் போலீஸ் இல்ல.

சென்னகேசவன்: எங்க தோட்டம் மலையடிவாரத்துலங்க. மக்காச்சோளம் போட்டா ராத்திரிக்குக் காட்டுப்பன்னி கூட்டங்கூட்டமா எறங்கீருது. ஒரே ராத்திரில ஒரு ஏக்கரா போயிருமுங்க. எங்க பக்கம் எல்லாரும் பண்ணறதுதான்... மோட்டர் ரூம்ல இருந்து ஒரு லைன் இழுத்து வேலிக்கம்பில குடுத்துர்றது.

மெர்சி: நேரடிக் கரண்டா?

சென்னகேசவன்: பேட்டரி வேலியெல்லாம் பன்னி மதிக்கறதில்லீங்க. தப்புத்தான், இல்லைங்கல. ஒரு நா வெடியால ஒரு பன்னி அடிபட்டுக் கெடந்துது. பையன் அதப் பாத்துப்போட்டான். பாரஸ்ட்காரங்களுக்குத் தெரிஞ்சா கேசாயிரும், அதுக்குத்தான் கூலருன்னு சொன்னேன். நீங்களும் வெளிய சொல்லாதீங்க.

மெர்சி: பன்னி.

சென்னகேசவன்: ஆமாங்க, பன்னிதான். நெம்பப் பெருசு.

மெர்சி: காலைல நான் குடுத்த பொம்மைக் கூடையில ஒரு பன்னியும் இருந்துச்சு சார். கருப்பா, கொம்பாட்டம் பல்லு வெச்சு. அதத்தான் மொதல்ல எடுத்தான். மடியில வெச்சுக்கிட்டுச் சோறு ஊட்டினான்.

கோமளா: ஊட்டினானுங்களா?

மெர்சி: இந்த வயசுப் புள்ளைங்க எப்பிடின்னா... ஒரு தடவ மொளகா காரம்னு தெரிஞ்சுதுன்னா, செவப்பா இருக்கற எதையும் வாயில வெக்காது. தக்காளியத் தள்ளும், மாதுளம்பழத்தத் தள்ளும். எது ஆபத்து, எது அதும்மாதிரி மட்டும் இருக்குன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அதனால எல்லாத்தையும் சேத்து ஒதுக்கிரும். உங்க பையன் முறுக்குக்குப் பயப்படறதும் அதுனாலதான். நெசமாவே செத்துக் கெடந்தது பன்னின்னா, அவன் அந்தப் பொம்மையத் தொட்டிருக்கவே மாட்டான். கருப்பு நாயக் கண்டாக்கூட ஓடியிருப்பான்.

சென்னகேசவன்: பொம்மைய வெச்செல்லாம் எப்பிடிங்க...

மெர்சி: கூடையில ஒரு ஆளு பொம்மையும் இருந்துச்சு. நான் அதப் படுக்க வெச்சேன். அவன் நிறுத்தி வெச்சான். திரும்பப் படுக்க வெச்சேன், திரும்ப நிறுத்தினான். கடைசில அழுதுட்டான் சார்... ஒரு நிமிஷம். நர்ஸ் கூப்பிடறாங்க. இருங்க, பையனப் பாத்துட்டு வாரேன்.

சென்னகேசவன்: போங்க போங்க... கதவச் சாத்திட்டுப் போங்க.

கோமளா: ஏனுங்க, சொல்லிப்போடலாமுங்க.

சென்னகேசவன்: வாய மூடு.

கோமளா: அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

சென்னகேசவன்: என்ன தெரியும்? பொம்மைக்குச் சோறு ஊட்டினான்னு தெரியும். அத வெச்சுக் கேசு போட முடியுமா? வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஈரோட்டுல என்ற மச்சானுக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கறாரு.

கோமளா: ஈரோடு போறதுக்குள்ள என்ற புள்ள... கண்ணு குழி உழுந்து கெடக்குதுங்க. அழுதா கண்ணுல தண்ணி வாரதில்ல. பாத்தீங்களா நீங்க?

சென்னகேசவன்: பாக்காமயா இருக்கேன்?

கோமளா: நான் சொல்லீர்றேன். வேலி சுச்ச அணைக்காம உட்டது நாந்தானுங்களே. தெனமும் பால் கறக்க ஆளு வாரதுக்கு முன்னால நாந்தான அணைப்பேன். அன்னைக்குக் கரண்டு போயிருந்துச்சு, சரி லைன்ல ஒண்ணுமில்லைன்னு நெனச்சுப்போட்டு அடுப்பாங்கரைக்குப் போயிட்டேன். திரும்ப வந்தது தெரியல...

சென்னகேசவன்: த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும் எப்பப் போகும்னு கரண்ட் ஆபீசுக்காரனுக்கே தெரியாது. உன்ற தப்பில்ல. லைன் இழுத்தது நானு. ஏதாச்சும் வந்தா எம்மேல வரட்டும். நீ உள்ள போயிட்டா இதுக ரெண்டுக்கும் ஆரு இருக்கறா? அதுக்குத்தான அன்னைக்கு அப்பிடிப் பண்ணுனது?

கோமளா: இப்ப ஒண்ணுதான் மிஞ்சும்போல இருக்குதுங்க.

சென்னகேசவன்: அபசகுனமாப் பேசாத... வாராங்க. கண்ணத் தொட.

மெர்சி: உக்காருங்கம்மா, எந்திரிக்க வேண்டாம். பையனுக்குக் கண்ணு சொருகுது. ஸ்பூன்ல குடுத்த தண்ணியும் வாந்தி வந்துருச்சு. டாக்டர் நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாதுங்கறாரு. இப்பவே மயக்கம் குடுத்து ஊசியக் கையில ஏத்திருவாங்க.

கோமளா: ஐயோ...

மெர்சி: ஏத்திருவாங்கம்மா. முழிக்கறப்ப அவன் மொதல்ல எதப் பாக்கோணும், எதப் பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லோணும். பொய்ய வெச்சுட்டு என்னால சொல்ல முடியாது. யாருங்க அது?

சென்னகேசவன்: எதுங்க?

கோமளா: வெள்ளியங்கிரி.

சென்னகேசவன்: கோமளா!

கோமளா: எங்க தோட்டத்துல வேல செஞ்சவருங்க. பால் கறக்கறதுல இருந்து தண்ணி கட்டறது வரைக்கும் அவர்தான். இவனத் தெனமும் தோளுல உக்கார வெச்சுத் தோட்டத்தச் சுத்தி வருவாரு. வெள்ளியண்ணா வெள்ளியண்ணான்னு உசுரா இருப்பான். அன்னைக்கு வெடியால பால் கறக்க வந்தவரு... வேலிக்கிட்டக் கெடந்தாருங்க.

மெர்சி: பையன் பாத்துட்டான்.

கோமளா: பியூஸ் போயிருந்துச்சு, அதுனால தப்பிச்சான். எங்களுக்கு முன்னால அவன்தான் ஓடிப் போயிருக்கறான். நாங்க போறப்ப அவர உலுக்கிட்டு இருந்தான். எந்திரிங்கண்ணா, எந்திரிங்கண்ணான்னு.

மெர்சி: கடவுளே... போலீசுல சொன்னீங்களா?

சென்னகேசவன்: எப்பிடிங்க சொல்லறது? ஆளு போயிட்டாப்ல. மூக்குல கை வெச்சுப் பாத்தேன், மூச்சில்ல. நெஞ்சுல காத வெச்சுப் பாத்தேன். சொன்னா செத்தவன் திரும்பி வருவானுங்களா? எங்க குடும்பந்தான் தெருவுக்கு வரும்.

மெர்சி: அப்பறம் என்ன பண்ணுனீங்க?

சென்னகேசவன்: பக்கத்துலயே தார் ரோடுங்க. வெடியக்காலம் கல்லு லாரிக வேகமா வரும், வளைவு வேற. தூக்கிட்டுப் போயி... ரோட்டுல போட்டோம்.

மெர்சி: போட்டோம்னா?

சென்னகேசவன்: செத்தவனத்தானுங்க போட்டோம். பொணத்த எடம் மாத்துனோம், அவ்வளவுதான். லாரி ஏறிருச்சு. ஆக்சிடெண்டுன்னு முடிச்சுட்டாங்க. லாரிக்காரனும் இன்னைக்கு வரைக்கும் சிக்கல, அதுனால ஆருக்கும் கஷ்டமில்ல.

மெர்சி: ஆருக்கும் கஷ்டமில்லையா? அவரு பொண்டாட்டி?

கோமளா: ராமாத்தாள். இன்னமும் எங்க தோட்டத்துக்குத்தானுங்க வேலைக்கு வருது. அன்னைக்கு என்ற கையப் புடிச்சுட்டு, நீங்க இருக்கறீங்கம்மணி எனக்குன்னு அழுதுச்சு.

சென்னகேசவன்: மேடம், காலைல நீங்கதான சொன்னீங்க? இந்த ரூம்ல பேசறது வெளிய போகாதுன்னு?

மெர்சி: புள்ள பேசறது வெளிய போகாதுன்னு சொன்னேன். இது ஒரு மனுசன் சாவு சார். என்னால உள்ள வெச்சுக்க முடியாது. நீங்களே போயிச் சொல்லறது நல்லது. நான் உங்களுக்கு ஒளிச்சுச் செய்ய மாட்டேன், அதுதான் மூஞ்சிக்கு நேரா சொல்லறேன்.

சென்னகேசவன்: பாத்தியா கோமளா? பாத்தியா?

கோமளா: செய்யுங்க. அத அப்பறம் செய்யுங்க. இப்ப என்ற பையனுக்கு என்ன பண்ணோணும், சொல்லுங்க.

மெர்சி: சரி. மொதல்ல, குழாய் அவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. கை முழுக்கத் தடியாத் துணி சுத்தி, குழாயப் போர்வைக்கு அடியில கொண்டு போகச் சொல்லறேன். ரெண்டாவது, அந்த வார்டுல படுத்திருக்கற ஆளு யாரும் அவன் கண்ணுல படக் கூடாது. கட்டல எடம் மாத்தி செவுத்துப் பக்கம் போட்டர்லாம். முழிக்கறப்ப அவனுக்குப் புடிச்ச ஒருத்தர் நிமுந்து உக்காந்து பேசிட்டு இருக்கோணும். யாரு உக்காருவா?

கோமளா: பாப்பா உக்காருவா. பூஜிதா. அவ சொன்னாக் கேப்பான்.

மெர்சி: வெளிய வராண்டாவுல போன் பாத்துட்டு இருக்கற பொண்ணா? எத்தன வயசு?

சென்னகேசவன்: பதிமூணுங்க. நெம்பத் தைரியசாலி. அன்னைக்கு அவதான் டார்ச்சே அடிச்சா.

மெர்சி: என்னது?

சென்னகேசவன்: இருட்டுங்க. ரெண்டு பேரு கையும் பொணத்துல. வேற ஆரு இருக்கறா?

மெர்சி: பதிமூணு வயசுப் புள்ள கையில டார்ச்சக் குடுத்து... சார், அவளுக்கு என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா?

சென்னகேசவன்: அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அதுதான் ஆச்சரியம். அடுத்த நாளே வேலிக்கம்பியச் சுருட்டறதுக்கு எங்கூட வந்தா. கொடியில துணி போடறா, சார்ஜர் மாட்டறா, நூடுல்ஸ் திங்கறா. அதே ரோட்டுல, அதே வளைவுலதான் நின்னு ஸ்கூல் பஸ் ஏறறா. தம்பியக் கேலி வேற பண்ணுவா, முறுக்கு உன்னக் கடிச்சுருமாடான்னு.

மெர்சி: எதையுமே ஒதுக்கறதில்லையா?

சென்னகேசவன்: ஒண்ணையும் இல்ல.

மெர்சி: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மொளகான்னு சொன்னேன் பாருங்க... சின்னது தக்காளியையும் சேத்துத் தள்ளும். வளந்த புள்ள அப்பிடியில்ல. எது காரம்னு அதுக்குத் துல்லியமாத் தெரியும். பயம் கொறஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்ல சார். சுருங்கி ஒரே எடத்துல நிக்கும். மத்த எல்லாத்தையும் சாதாரணமாத் தொடும், அந்த ஒண்ணுகிட்ட மட்டும் போகாது. அதனாலதான் வெளிய தெரியறதில்ல.

சென்னகேசவன்: அப்பிடி ஒண்ணும்... ஏங் கோமளா, நீ சொல்லு. ஏதாச்சும் இருக்குதா?

கோமளா: நீங்களே சொல்லுங்க.

சென்னகேசவன்: இவகிட்டத்தான் கொஞ்சம் மொறைப்பு. அது எல்லா ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க. பெரிய மனுசி ஆயிட்டா, அம்மாகூட ஏட்டிக்குப் போட்டி.

மெர்சி: மொறைப்புன்னா?

சென்னகேசவன்: சண்டையெல்லாம் இல்லீங்க. தலை பின்ன வந்தா எந்திரிச்சுப் போயிருவா. எங்கிட்டக் கொண்டாந்து சீப்பக் குடுக்கறா, எனக்கென்ன சடை பின்னத் தெரியுமா? ஒரு நாளைக்குக் கோணலாப் பின்னி உட்டு ஸ்கூலே சிரிச்சுது. இவ கையில சோறு போட்டா வாங்க மாட்டா, நானு போட்டாத் திம்பா. காச்சல்னு நெத்தியத் தொடப் போனா, செவுத்தோட ஒட்டிக்கிட்டா.

மெர்சி: எப்ப இருந்துங்க?

சென்னகேசவன்: அது... ஒரு ரெண்டு மாசமா.

மெர்சி: உங்ககிட்ட அப்பிடியெல்லாம் இல்ல?

சென்னகேசவன்: எங்கிட்ட ஒட்டிக்கிட்டேதான் இருக்கறா.

மெர்சி: கம்பி இழுத்தது நீங்க. மூச்சில்லைன்னு சொன்னது நீங்க. அந்த ரோட்டுலயும் அவளுக்குப் பயமில்ல, உங்ககிட்டயும் பயமில்ல. கோமளா... நான் உங்களத்தாங்க கேக்கறேன்.

சென்னகேசவன்: இவளுக்கு என்னங்க தெரியும்? எல்லாம் நாந்தான பண்ணுனேன்! கோவிச்சுக்கறதா இருந்தா எம்மேலதான கோவிச்சுக்கோணும்!

மெர்சி: கொஞ்சம் இருங்க சார். அவங்க பேசட்டும்.

சென்னகேசவன்: சுச்ச விசயம் பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அதுதான். வேறென்ன? சொல்லு கோமளா, அதுதானே?

கோமளா: அது அவளுக்குத் தெரியாதுங்க.

சென்னகேசவன்: பின்ன?

கோமளா: நீங்க தலைமாட்டுல புடிச்சுட்டு முன்னால பாத்து நடந்தீங்க. காலு ரெண்டும் என்ற கையில இருந்துச்சு. ரோட்டு மேட்டுல ஏறறப்ப... வலது காலு, இந்தக் கையில இருந்த காலு, உதறி உள்ளுக்கு இழுத்துச்சுங்க. ஒருக்கா இல்ல. பாப்பா டார்ச்ச என்ற கை மேல அடிச்சா, அப்பறம் என்ற மூஞ்சில அடிச்சா. நான் அவளப் பாத்துட்டேதான் உங்ககிட்டச் சொன்னேன்... சீக்கிரம் நடங்க, லாரிச் சத்தம் கேக்குதுன்னு.